ஔவை வேடமும் அவ்வைப் பட்டமும்

சென்னை ராயப்பேட்டையில் ஒரு காலத்தில் லாயிட்ஸ் சாலை என்று இருந்த தெருவுக்கு இன்று அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். கிழவி வேடத்தில் ஆண்டுக்கணக்காக நடித்த ஓர் ஆண் நடிகருக்கு அந்த வேடமே பட்டமாகி, பட்டம் பெயரோடு ஒட்டி, பெயர் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. அதே சாலையில் அ.தி.மு.க.வின் தலைமையகம் இருக்கிறது. அந்தக் கட்டடம் நடிகை வி.என். ஜானகிக்குச் சொந்தமாக இருந்தது. அவர் கட்சிக்குக் கொடுத்தார். இன்று அது எம்.ஜி.ஆர். மாளிகை. இரண்டும் ஒரே தெருவில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் தமிழ் நாடக வரலாற்றைப் பெண்களின் பக்கமிருந்து வாசித்துக்கொண்டு போனால் இப்படிப்பட்ட தற்செயல்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன.

டி.கே. சண்முகம் பெரிய நடிகர். 1912-ல் பிறந்து, ஆறு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் சபையில் சேர்ந்து, 1973-ல் இறக்கும்வரை நாடகத்தை விடாதவர். ஔவை வேடத்தை அவர் ஏற்றபோது வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும். அந்த வயதில் ஓர் இளைஞர் கூன் விழுந்த முதுகும் தளர்ந்த குரலுமாக மேடைக்கு வந்து, ஊர் ஊராகச் சபையைக் கட்டிப்போட்டார் என்றால் அது உழைப்பின் பலன். அந்த உழைப்பை மறுப்பது என் நோக்கமில்லை. ஆண் பெண் வேடம் கட்டுவதே தவறு என்று சொல்லவும் வரவில்லை. மேடையில் யாரும் யாராகவும் ஆகலாம். என் கேள்வி வேறு. பெண் வேடம் ஓர் ஆணுக்கு ஒரு வாழ்நாள் தொழிலைக் கொடுத்தது. நடிக்க வந்த பெண்ணுக்கு அதே மேடை எந்த நிபந்தனையின் பேரில் எதைக் கொடுத்தது?

இந்தக் கேள்வியை நாஞ்சில் நாட்டிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. டி.கே.எஸ். சகோதரர்கள் நால்வரும் நாகர்கோவிலோடு பிணைந்தவர்கள். அவர்கள் குழுவில் வளர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் ஒழுகினசேரிக்காரர். 1956 நவம்பர் முதல் தேதிவரை இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்தது. மலையாளம் ஆட்சிமொழியாகக் கோலோச்சிய ஒரு நாட்டின் தெற்கு மூலையிலிருந்து போன தமிழ் பேசும் நடிகர்கள் தமிழகம் முழுவதற்கும் நாடக முகமானார்கள். அதைச் சொல்லி நாங்கள் பெருமைப்படுவதில் குறையில்லை. ஆனால் அந்தப் பெருமைப் பட்டியலில் பெண் பெயர் ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் ஔவை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்நியள் இல்லை. தாழக்குடியை அடுத்து ஔவையாரம்மன் கோவில் இருக்கிறது. ஆடிச் செவ்வாய்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய் அங்கேயே அடுப்புக் கூட்டி, கூழும் கொழுக்கட்டையும் செய்து படைத்துவிட்டு வருகிறார்கள். வீடுகளில் ஔவை நோன்பு இருக்கிறது. 'அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி' என்று அதற்கு மாதக் கணக்கும் உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு, ஆண்கள் எல்லோரும் தூங்கியபிறகு அல்லது வெளியே அனுப்பப்பட்டபிறகு, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் விதவிதமான உருவங்களில் கொழுக்கட்டை பிடிப்பார்கள். மூத்தவள் ஒருத்தி ஔவை கதை சொல்லுவாள், மற்றவர்கள் கேட்பார்கள். ஆண் கண்ணில் அந்தக் கொழுக்கட்டை படக்கூடாது, ஆண் காதில் அந்தக் கதை விழக்கூடாது. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

இதைப் பக்தி என்று மட்டும் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்கு இது ஒரு நிகழ்த்துக்கலையாகத் தெரிகிறது. இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, சொல்பவள் இருக்கிறாள், தேர்ந்த பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இல்லாதது டிக்கெட்டும் கூலியும் பெயரும்தான். வீட்டுக்குள் நடு இரவில் பெண்கள் மட்டும் கேட்கிற ஔவையைப் பெண் சொல்கிறாள். கொட்டகையில் விளக்கு வெளிச்சத்தில் ஊரே பார்க்கிற ஔவையை ஆண் நடிக்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நடிகையின் தொழில் வரலாறு.

அந்தத் தூரம் எப்படி உண்டானது என்பதற்குச் சண்முகம் 1972-ல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை' நல்ல சான்று. நாடகக் கம்பெனிகளின் அன்றாடத்தை உள்ளிருந்து சொல்லும் நூல்களில் அதற்குத் தனி இடம் உண்டு. மதுரையில் 1918-ல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில், சிறுவர்களை வைத்துச் சுவாமிகள் நாடகம் நடத்தினார். வள்ளி, பவளக்கொடி, அல்லி என்று அவருடைய நாடகங்களின் கதை பெரும்பாலும் பெண்களைச் சுற்றியே ஓடும். அந்தப் பெண்கள் அத்தனை பேரும் பாய்ஸ் கம்பெனியில் பையன்கள்தான். சண்முகத்தின் தந்தை கண்ணுசாமிப் பிள்ளையே பெண் வேடத்தில் பெயரெடுத்தவர். அண்ணன் முத்துசாமியும் பெண் வேடம் கட்டியவர். ஆக, ஸ்திரீபார்ட் என்பது அந்தக் குடும்பத்தில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து.

கம்பெனி என்பது பையன்களுக்கு என்னவாக இருந்தது என்று பாருங்கள். பாட்டும் வசனமும் அங்கேயே கற்றார்கள். ஒரே வீட்டில் தங்கி, ஒரே சமையலைச் சாப்பிட்டு, ஊர் மாறும்போது சேர்ந்தே போனார்கள். அடியும் பட்டினியும் சுரண்டலும் அங்கே இருந்தன. ஆனால் ஒரு படிக்கட்டும் இருந்தது. பையனுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும். ஸ்திரீபார்ட் போய்விடும். ஆனால் அவன் தொழில் அதோடு முடிவதில்லை. ராஜபார்ட்டுக்குப் போகலாம், நகைச்சுவைக்குப் போகலாம், ஆர்மோனியத்தில் உட்காரலாம், வாத்தியாராகலாம், கடைசியில் சொந்தக் கம்பெனி தொடங்கலாம். டி.கே.எஸ். சகோதரர்களே 1925-ல் ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கியபோது சண்முகத்துக்கு வயது பதின்மூன்றுதான். முத்துசாமி பெண் வேடத்திலிருந்து நாடகாசிரியரானார். பெண் வேடம் இவர்களுக்கு முதல் படி.

முத்துசாமி எழுதிய 'குமாஸ்தாவின் பெண்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். ஏழைக் குமாஸ்தா வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைக்க முடியாமல் படும் பாட்டைச் சொல்லும் கதை. மூலம் வங்காளத்தில் நிருபமா தேவி என்ற பெண் எழுதிய நாவல். ஒரு பெண் எழுதிய பெண்ணின் துயரம் தமிழுக்கு வந்து, ஆண்கள் நடத்திய சபாவுக்கு நல்ல பெயரைத் தேடிக்கொடுத்தது. 1941-ல் அது திரைப்படமானபோது எம்.வி. ராஜம்மா கதாநாயகியாக நடித்தார். அதற்கு முன்பு, 1935-ல், இதே சகோதரர்களின் 'மேனகா' படமானபோதும் பெண் பாத்திரங்களுக்குப் பெண்கள்தான் வந்தார்கள். காமிரா அருகில் வந்தால் பெண் முகம் வேண்டும். அதை சினிமா உடனே புரிந்துகொண்டது. மேடை புரிந்துகொள்ள நாளாயிற்று. டி.கே.எஸ். குழுவிலும் பின்னாளில் எம்.எஸ். திரௌபதி போன்ற நடிகைகள் வந்தார்கள். ஆனால் அவர்களுக்காக எந்தக் கம்பெனியும் படிக்கட்டு கட்டவில்லை. பையனுக்கு மகரக்கட்டு எப்படியோ அப்படித்தான் பெண்ணுக்கு வயது. குரல் உடைந்த பையனுக்கு வேறு வேலை கொடுத்த கம்பெனி, வயதேறிய நடிகையை என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை.

பெண்கள் ஏன் மேடைக்கு வரவில்லை என்று கேட்டால், குடும்பப் பெண்கள் வரமாட்டார்கள், வருகிறவர்கள் தாசிகள் என்ற பழைய பதில் தயாராக இருக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபா இந்தப் பதிலின்மேல் கட்டப்பட்டது. படித்தவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள் சேர்ந்த சபை. அங்கே நாயகி வேடங்களில் புகழ் பெற்றவர் ரங்கவடிவேலு. நாடகத்துக்கு மரியாதை வர வேண்டும் என்றால் பெண்ணை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அந்தக் காலச் சீர்திருத்தத்தின் எழுதப்படாத விதி. மரியாதை வந்தது. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்கப்படவில்லை.

நாஞ்சில் நாட்டில் அந்தக் கணக்குக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. சுசீந்திரம் கோவிலில் ஆடிப்பாடிய பெண்களைப் பற்றி கே.கே. பிள்ளை அந்தக் கோவிலைப் பற்றிய தம் ஆய்வில் எழுதியிருக்கிறார். தென் திருவிதாங்கூரில் அவர்களுக்குக் குடிக்காரிகள் என்று பெயர். அரசு வாடகையில்லாமல் கொடுத்த வீட்டில் குடியிருந்ததால் வந்த பெயர் அது. ஆட்டம், வீடு, சாப்பாடு மூன்றும் ஒரே முடிச்சு. 1930-ல் திருவிதாங்கூர் அந்த முறையை ஒழித்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் வந்தது. ஒழிக்கப்பட வேண்டிய முறைதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் முடிச்சை அவிழ்த்தவர்கள், அந்தப் பெண்கள் கையிலிருந்த கலைக்கு வேறு மேடை ஒன்றைத் திறந்துவைக்கவில்லை. கோவில் வாசல் மூடிய அதே ஆண்டுகளில் கொட்டகை வாசல் பையன்களுக்குத் திறந்திருந்தது. 

இதையெல்லாம் மீறி வந்தவர்கள் உண்டு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடங்களையும் பெண்களே கட்டினார்கள். அவர் நாடகம் பார்க்கத் தனி ரயில் விட்டதாகச் சொல்லும் அளவுக்குக் கூட்டம். முதலாளியும் அவரே, நடிகையும் அவரே. கடைசிக் காலம் வறுமையில் கழிந்தது. நாடக வரலாற்று நூல்கள் அவரை நினைவுகூரும்போது முதலில் சொல்வது 'தாரா சசாங்கம்' நாடகத்தில் அவர் தோன்றிய கோலத்தைத்தான். ஒரு கம்பெனியை இத்தனை பெண்களுக்குக் கூலி கொடுத்து நடத்திய நிர்வாகத் திறமை அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

கே.பி. சுந்தராம்பாளின் கதை இன்னும் நுட்பமானது. ஸ்பெஷல் நாடகத்தில் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடியாக நின்றவர். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது இருபத்தைந்துதான். வெள்ளைச் சேலைக்கு மாறினார். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடத்தில் நடித்தார். ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அன்றைக்கு நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தி. பிறகு 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் ஔவையானார். 1958-ல் சட்ட மேலவை உறுப்பினரானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஔவையாக நடித்த ஆண் அவ்வை சண்முகம் ஆனார். நந்தனாராக நடித்த பெண் நந்தனார் சுந்தராம்பாள் ஆகவில்லை. ஔவையாக நடித்தபிறகும் அவருக்கு அவ்வைப் பட்டம் வரவில்லை. அது ஏற்கெனவே ஓர் ஆணிடம் இருந்தது. ஊரார் அவரைக் கொடுமுடி கோகிலம் என்றார்கள். ஆணுக்கு வேடத்தின் பெயர், பெண்ணுக்குக் குரலின் பெயர். ஆண் செய்தது நடிப்பு என்றும் பெண்ணிடம் இருப்பது இயற்கை என்றும் பிரிக்கிற பார்வை பட்டம் கொடுக்கும் இடத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. குயில் பயிற்சி செய்துதான் கூவுகிறது என்று யார் சொல்வார்கள்?

ஔவை கதையையே எடுத்துப் பாருங்கள். சங்கப் பாடல்களில் ஐம்பத்தொன்பது பாட்டுகளுக்குச் சொந்தக்காரியான ஔவை வேறு, ஆத்திசூடி சொன்ன ஔவை வேறு என்பது அறிஞர்கள் சொல்வது. மக்கள் மனத்தில் எல்லோரும் ஒரே பாட்டிதான். அந்தப் பாட்டி பிறக்கும்போதே பாட்டி இல்லை. இளம் பெண்ணாக இருந்தாள், கல்யாணம் பேசினார்கள், பிள்ளையாரிடம் அழுது இளமையைக் கொடுத்து முதுமையை வாங்கிக்கொண்டாள் என்கிறது கதை. அதற்குப் பிறகுதான் அவள் ஊர் ஊராகப் போகிறாள், அரசர்களோடு சமமாகப் பேசுகிறாள், பாடிப் பரிசில் வாங்குகிறாள். பெண் தன் தொழிலோடு சாலையில் நடக்க வேண்டுமானால் முதலில் இளமையை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்ச் சமூகம் இந்தக் கதையில் எழுதி வைத்திருக்கிறது. சுந்தராம்பாளின் வெள்ளைச் சேலையை நான் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். அது அவருடைய துக்கம், அவருடைய முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேலை அவருக்குத் தனியாகத் தொழில் செய்யும் உரிமத்தையும் கொடுத்தது. ஔவைக்கு நரை செய்ததை அவருக்கு வெள்ளைச் சேலை செய்தது.

நரையும் வெள்ளைச் சேலையும் இல்லாதவளுக்குக் கணவன் வேண்டும். இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய விதி இல்லை. இங்கிலாந்தில் ஷேக்ஸ்பியர் காலத்தில் பையன்கள்தான் பெண்களாக நடித்தார்கள். 1660-க்குப் பிறகே நடிகைகள் வந்தார்கள். ஜப்பானில் கபுகியைத் தொடங்கியவள் ஒரு பெண், ஆனால் 1629-ல் பெண்கள் மேடையிலிருந்து தடைசெய்யப்பட்டார்கள். ஸ்பெயின் வேறு வழியில் போனது. 1587-லேயே மாட்ரிட்டில் பெண்கள் மேடையேற அனுமதி கிடைத்தது. ஆனால் நடிகை மணமானவளாக இருக்க வேண்டும், கணவன் கூடவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை. தடையைவிட இந்த அனுமதிதான் நம் கதைக்கு நெருக்கமாக இருக்கிறது. நம் ஊரில் யாரும் இதைச் சட்டமாக எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

டி.ஏ. மதுரத்தை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? கலைவாணரின் மனைவியாக, நகைச்சுவை ஜோடியின் மறுபாதியாக. லட்சுமிகாந்தன் வழக்கில் என்.எஸ். கிருஷ்ணன் 1944 இறுதியிலிருந்து 1947 வரை சிறையில் இருந்தபோது, வழக்கை நடத்தும் சுமையும் என்.எஸ்.கே. நாடக சபை கலைந்துவிடாமல் காக்கும் சுமையும் அவர்மேல் விழுந்தன. எஸ்.வி. சகஸ்ரநாமத்தோடு சேர்ந்து அவர் அதைச் செய்தார். அந்த ஆண்டுகளில் அவர் ஒரு நாடகக் குழுவின் நிர்வாகி. ஆனால் நாங்கள் ஊரில் கேட்டு வளர்ந்த கதையில் அது ஒரு மனைவியின் தியாகமாக மட்டும் சொல்லப்படுகிறது. ஓர் ஆண் இதே வேலையைச் செய்திருந்தால் அவரை நாடக முதலாளி என்றிருப்பார்கள். நாகர்கோவிலில் கலைவாணருக்குச் சிலை இருக்கிறது. இருக்கட்டும்.

ஸ்பெஷல் நாடக நடிகைகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் 2005-ல் வெளியிட்ட நூல், இதே நிபந்தனை அன்றாடத்தில் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறது. இரவு முழுக்க மேடையில் ஆடிப் பாடிப் பேசும் நடிகைகள், போகும் வண்டியிலும் மேடைக்குப் பின்னாலும் வீட்டுச் சுவரைப் போன்ற ஒரு மறைப்பைத் தங்களைச் சுற்றி எழுப்பிக்கொள்கிறார்கள். 'கூத்தாடி' என்ற சொல்லிலிருந்து தப்பிக்க, மேடைக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் குடும்பப் பெண்ணாக நடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டாவது வேடத்துக்குக் கூலி கிடையாது. கூட நடிக்கும் ஆண்கள் நடு ராத்திரி டீக்கடையில் நின்று சிகரெட் பிடிக்கும்போது, அவர்களுக்கு அந்த வேலை இல்லை.

இனி, இதற்கெல்லாம் மாற்றாக வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் சுதந்திரமான நாடகக் குழுக்களுக்கு வருகிறேன். ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977-ல் தொடங்கியது. கம்பெனிகளின் முதலாளித்தனமும் சபாக்களின் துணுக்குத் தோரணமும் இல்லாத இடம். நடிகனின் உடலையும் குரலையும் பாடமாக எடுத்துக்கொண்ட இடம். பெண்கள் அங்கே ஆண்களோடு சமமாகப் பயிற்சி பெற்றார்கள். இது பெரிய மாற்றம், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பயிற்சி முடிந்து தொழில் என்று வரும்போது என்ன நடந்தது? பசுபதி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று அங்கிருந்து போனவர்களைத் தமிழ் சினிமா நாயகனாகவும் வில்லனாகவும் படத்தைத் தாங்கும் நடிகனாகவும் வாங்கிக்கொண்டது. கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்த விஜய் சேதுபதி நட்சத்திரமானார். அதே பட்டறையில் நீண்ட காலம் உழைத்த கலைராணி, மேடையில் அவரைப் பார்த்தவர்கள் மறக்க முடியாத நடிகை. சினிமா அவருக்குக் கொடுத்தவை பெரும்பாலும் யாருக்காவது உறவாக வரும் பாத்திரங்கள். இதற்குப் பட்டறையைக் குற்றம் சொல்ல முடியாது என்பார்கள். சினிமாவின் குற்றம்தான். ஆனால் நவீன நாடகத்தில் கூலி சொற்பம், வாழ்க்கை சினிமாவில் என்று ஏற்பாடு அமைந்துவிட்ட பிறகு, சினிமா யாரை எப்படி வாங்குகிறது என்பது நாடகக் குழுவுக்கு வெளியே உள்ள விஷயம் ஆகாது. ஒருவருக்கு முதலீடாகும் பத்தாண்டுப் பயிற்சி இன்னொருவருக்குச் செலவாகவே முடிகிறது.

அர்ப்பணிப்பு என்ற சொல்லை நவீன நாடகக்காரர்கள் அதிகம் புழங்குவார்கள். ஒத்திகை சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும். பத்து மணிக்குப் பெண் எப்படி வீட்டுக்குப் போவாள், குழந்தையை அதுவரை யார் பார்த்துக்கொள்வார்கள், மறுநாள் வேலைக்கு யார் சமைப்பார்கள் என்ற கேள்விகளை அர்ப்பணிப்பு கேட்பதில்லை. கம்பெனி நாடகம் பெண்ணிடம் கணவனைக் கேட்டது. நவீன நாடகம் இரவு பத்து மணிக்கு வண்டியோடு வந்து நிற்கும் ஒருவரைக் கேட்கிறது. ஆள் மாறலாம், கோரிக்கை மாறவில்லை.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்த குழுக்களும் உண்டு. 1990களில் அ. மங்கை பங்கெடுத்து வளர்த்த 'வாய்சிங் சைலன்ஸ்' பெண் சிசுக்கொலையைப் பற்றி 'பச்சமண்ணு' செய்தது, குறவஞ்சியைத் திருப்பிப் போட்டு 'மௌனக்குறம்' செய்தது. இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய 'ஔவை' அந்தப் பத்தாண்டின் இறுதியில் மேடைக்கு வந்தது. அந்த ஔவைக்குக் கூன் இல்லை. பாணர் மரபில் வந்த இளம் பெண். யாழும் பாட்டுமாகக் கூட்டத்தோடு நடக்கிறாள். அதியமானோடு கள் குடிக்கிறாள். முதுமையை வரமாக வாங்காமலே சாலைக்கு வந்துவிட்டவள். சண்முகத்தின் ஔவைக்கு இதுவே சரியான விமர்சனம் என்று நினைக்கிறேன். கட்டுரை எழுதிச் செய்ய வேண்டியதை ஒரு நடிகையின் நிமிர்ந்த முதுகு செய்துவிட்டது. பாட்டியை நடிக்க ஓர் ஆணால் முடியும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். இளமையோடு சுற்றித் திரியும் கவிஞரை ஒரு பெண் நடித்தபோது, இத்தனை நாளும் ஏன் பாட்டியை மட்டும் கேட்டோம் என்று பார்வையாளர் யோசிக்க வேண்டியிருந்தது.

கண்ணாடிக் கலைக்குழுவில் திருநங்கைகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே மேடையில் நடித்ததையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்திரீபார்ட் நடிகரை மாலை போட்டுக் கொண்டாடிய ஊர், பெண்ணாகவே வாழ வந்தவர்களைக் கல்லால் அடித்தது. மேடையிலிருந்து இறங்கி வேடத்தைக் கலைத்துவிடுவார் என்ற உத்தரவாதம் இருக்கும்வரைதான் ஆணின் பெண் வேடத்துக்கு மரியாதை. நாடக நடிகை லிவிங் ஸ்மைல் வித்யா 2007-ல் 'நான் வித்யா' எழுதினார். பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' என்று ஆண்கள் தம் மேடை வாழ்வை எழுதி நிறைத்த அலமாரியில் அந்தச் சிறிய நூலை நான் வேண்டுமென்றே சேர்த்து வைத்திருக்கிறேன். பாலாமணி எழுதியிருந்தால், சுந்தராம்பாள் எழுதியிருந்தால், மதுரம் எழுதியிருந்தால் அந்த அலமாரியில் எந்தெந்தப் புத்தகங்கள் இடம் மாறியிருக்கும்!

நாஞ்சில் நாட்டில் இந்தக் கணக்கை எழுதத் தொடங்க வேண்டிய இடம் வில்லுப்பாட்டு என்பது என் கருத்து. கொடைக்குக் கொடை இங்கே வில் இல்லாமல் முடியாது. வலம் பாடுகிற புலவர் இடத்தில் பெண்கள் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கதை நடத்தியிருக்கிறார்கள். சரவணந்தேரி பூங்கனி அப்படிப்பட்டவர். சிறுமியாக இருந்தபோதே பெண்கள் வில்லடிப்பதைப் பார்த்துக் கற்க ஆசைப்பட்டு, தன் காலம் முழுவதும் கோவில் கோவிலாகப் பாடியவர். அவர் கணவர் அதே குழுவில் குடம் அடித்தார். இங்கேயும் கணவர் கூடவே இருக்கிறார், ஆனால் வில்லுக்கு நடுவில் இருந்தது மனைவி. பாட முடியாத வயது வந்தபிறகு அவரை வறுமை பிடித்துக்கொண்டது. வெளியூர் ஆர்வலர்களும் பத்திரிகைகளும் தேடி வந்து எழுதியது அதற்கும் பிறகு. 2018-ல் இறந்தார். ஔவையைப் போல ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்த ஒரு பெண் எங்கள் மாவட்டத்திலேயே எண்பது வயது தாண்டி வாழ்ந்திருக்கிறார். அவ்வை என்ற பட்டம் யாரிடம் போயிருக்க வேண்டும் என்று நான் வாதாடப் போவதில்லை. பட்டம் பசியாற்றாது.

நான் கேட்பது இதைவிடச் சாதாரணமானது. இனி ஒரு நாடகக் குழுவைப் பற்றியோ வில்லிசைக் குழுவைப் பற்றியோ எழுதுகிறவர்கள் நடிப்பு எப்படி, இயக்கம் எப்படி என்று எழுதுவதோடு நான்கு விஷயங்களையும் விசாரித்து எழுத வேண்டும். குழுவில் பெண்கள் எத்தனை பேர், அவர்களுக்குக் கிடைத்த கூலி ஆண்களுக்குக் கிடைத்ததற்குச் சமமா, ஒத்திகை முடிந்து அவர்கள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள், நாற்பது வயதுக்கு மேல் அவர்களில் எத்தனை பேர் இன்னும் மேடையில் இருக்கிறார்கள். இது கலை விமர்சனம் ஆகுமா என்று கேட்பார்கள். ஓர் ஆண் ஐம்பது ஆண்டு நடித்ததைக் கலைச் சாதனை என்று எழுதுகிறோம். ஒரு பெண்ணால் ஏன் ஐந்தாண்டுக்கு மேல் நடிக்க முடியவில்லை என்பதும் அதே கலையைப் பற்றிய செய்திதான். தங்கள் ஊர்க் கொடையில் பாடிய பெண்களின் பெயர்களைச் சொல்ல இன்னும் சில கிழவிகள் தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்ள நமக்கு அதிக நாள் இல்லை.